இடப்பக்கம் நான்காவது தூண்

என் அண்ணி பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாய்க்குள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, வீட்டு முன்னறையில் ஒரு மேஜை விளக்கின் கீழே உட்கார்ந்து பொய்ப்பல் செட் செய்துகொடுப்பார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். மீதிப் பேர் அதைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவரைத் திட்டினார்கள். இரண்டையும் அவர் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். நான் கட்டிக்கொள்ளப் போகிறவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று எல்லோரும் குலம் கோத்திரம் வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெண் இடது பக்கமாகவே மெல்கிறாள், வலது கடைவாயைக் காட்டச் சொல் என்றார். காட்டினோம், சொத்தை. தேய்ந்த பக்கத்தைப் பார்த்தால் பாரம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று தெரிந்துவிடும் என்பார். ஆள் என்ன நினைக்கிறான் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அதை அவரே சொல்லிக்கொள்வார்.

என் அண்ணன் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷம் ஒரே ரூட், டிப்போவிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து டிப்போ. கிளச் மிதித்து மிதித்து இடது முட்டி போனதுதான் மிச்சம். ஓய்வு பெற்றவர்கள் தொட்டியில் செடி வைப்பார்கள், மாதம் ஒருமுறை சர்க்கரை டெஸ்ட் எடுப்பார்கள். இவன் நாற்பது வயதான ஒரு பாய்மரப் படகை வாங்கினான். முப்பத்திரண்டு அடி நீளம், ஃபைபர் உடம்பு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், சமைக்கலாம், குனிந்தபடி சண்டையும் போடலாம். அதைச் சரிபண்ணி, வீட்டைக் காலி செய்துவிட்டு அதிலேயே குடியேறி, துறைமுகம் துறைமுகமாகப் போய்க்கொண்டே இருக்கப்போவதாகச் சொன்னான். "ரூட் நம்பரே இல்லாம ஓட்டணும்டா கம்பி," என்றான்.

கம்பி என்பது நான்தான். மாடிப்படிக் கைப்பிடி, பால்கனித் தடுப்பு, கேட் எல்லாம் எவர்சில்வரில் செய்து மாட்டுவது என் தொழில். அண்ணன் வைத்த பேர் அப்படியே நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் என் சொந்தப் பேரைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை யார் என்று கேட்டவர்கள் உண்டு.

படகு தளத்தின் ஓரத்தில், ஆள் விழாமலிருக்கத் தொடை உயரத்துக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும். அவற்றினூடே கம்பி ஓடும். பக்கத்துக்கு ஆறு தூண், தூணுக்கு நாலு போல்ட். அந்தத் தூண்களெல்லாம் கிழவன் பல் போல ஆடிக்கொண்டிருந்தன. படகு வாங்கின கையோடு அண்ணன் என்னைத்தான் செய்யச் சொன்னான். வேறு யாரைச் சொல்வான்? நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் செய்தேன். போல்ட் போகிற துளைகளில் சீலன்ட் பசையைப் பிதுங்கப் பிதுங்க நிரப்பினேன். மேலே அடைத்தது போதாதென்று, கீழே அறைக்குள் நட்டுகளின் மேலும் பூசி, துடைத்து மழமழவென்று ஆக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே ஒழுகக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அண்ணி வந்து தடவிப் பார்த்து, பல் செட் மாதிரி இருக்கு என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து வராது. நான் ஒரு வாரம் தரையில் கால் படாமல் திரிந்தேன்.

அண்ணன் நாலு வருஷம் அந்தப் படகோடு மாரடித்தான். எஞ்சின், வயரிங், தண்ணீர்த் தொட்டி, பாய் என்று ஒவ்வொன்றாக முடித்தான். எல்லாம் முடிந்தபோது அண்ணி வர மாட்டேன் என்றார். தண்ணீரில் போய் யாருக்குப் பல் செய்வது என்பது அவர் கேள்வி. மேஜையை மூடு என்று இவன், மூட மாட்டேன் என்று அவர். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. ஒருநாள் காலையில் சண்டை முற்றி, அண்ணன் புதுப் பாயை இழுத்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனான். மதியம் மீன்பிடிப் படகு ஒன்று அதைக் கண்டது. பாய் ஏறியிருந்தது, சுக்கான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது, ஆள் இல்லை.

ஐந்து நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. படகை இழுத்து வந்த மீனவர்கள், கடலில் பக்கத்தில் அணைக்கும்போது எங்கள் படகு இடித்து உங்கள் இடப்பக்கத் தூண்களெல்லாம் நசுங்கிவிட்டன, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வந்து சொன்னார்கள். ஆளே போய்விட்டான், தூண் கிடக்கட்டும் என்றேன். உள்ளறை மேஜையில் அண்ணனின் சட்டை மடித்து வைத்திருந்தது. அதன் மேல் கண்ணாடி, கடிகாரம். ஊருக்கு அது போதாதா? சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனவன் தவறியா விழுந்திருப்பான் என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். இருபத்தாறு வருஷம் யூனிஃபார்ம் போட்டவன் சட்டையை மடிக்காமல் என்ன செய்வான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நொண்டியாகப் பட்டது. விசாரித்த அதிகாரி, காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்.

அண்ணி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "போய்த் தொலைங்கன்னு சொன்னேன், தம்பி. வாசல்ல நின்னு சொன்னேன். சரின்னுட்டுப் போனார்." அதற்குப் பிறகு யாரிடமும் அவர் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். விழுந்தாரா, குதித்தாரா?

எட்டு மாதம் படகு, பழுதுபார்க்கும் யார்டில் முட்டுக்கட்டைகளின் மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. விற்றுவிடலாம் என்று நான் ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயத்தில் அண்ணி ஏணி வைத்து மேலே ஏறினார். உள்ளே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து, இதைச் சரிபண்ணி நானே இதில் குடியிருந்து போகப்போகிறேன் என்றார். எதற்கு அண்ணி என்றேன். நடந்ததைப் பார்த்தது இது ஒன்றுதானே என்றார். நீங்கள் படகு ஓட்டினதே கிடையாதே என்றேன். கற்றுக்கொள்கிறேன் என்றார். மறுவாரமே பல் மேஜையை மூடினார். பாதி வேலையில் நின்ற அச்சுகளையெல்லாம் டாக்டர்களுக்குத் திருப்பி அனுப்பினார். எந்த மேஜையை மூடச் சொல்லி அண்ணன் ஒரு மாதம் கத்தினானோ, அந்த மேஜை.

"அண்ணி திரும்பி வர்றதுக்குப் போகல," என்றாள் என் மனைவி. அண்ணன் போன இடத்துக்குப் போகத்தான் அவர் படகைத் தயார் செய்கிறார் என்று இருவருமே நினைத்தோம். வாயைத் திறந்து சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. தடுக்க முடியாது என்று தெரிந்ததும், கூடவே இருப்போம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

அந்த வேலையில் அண்ணியின் கையைப் பார்க்க வேண்டுமே. ரெசினும் கடினமாக்கும் திரவமும் கலந்து, எத்தனை நிமிஷத்தில் இறுகும் என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவார். முப்பது வருஷம் அதைத்தானே வாய் அளவில் செய்துகொண்டிருந்தார்? படகு அளவில் செய்வது அவருக்குப் புது விஷயமாக இல்லை. அடிப்பகுதியில் தோல் உரிந்து கொப்புளம் கொப்புளமாக இருந்த இடங்களைச் சுரண்டி, உலரவிட்டு, பூசி, பளிங்கு போல ஆக்கினார். யார்டு பெயின்டர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். கிரேன்காரர் மட்டும் கிட்டே வர மாட்டார். டீ குடிக்கக் கூப்பிட்டால், தரையில் நின்றே குடித்துவிட்டுக் கிளாஸை ஏணியின் முதல் படியில் வைத்துவிட்டுப் போவார். ஆளில்லாமல் வந்த படகு என்பது அவர் கணக்கு.

உள்ளறையின் பலகைகளைக் கழற்றக் கழற்ற, பின்பக்கமெல்லாம் அண்ணனின் பென்சில் எழுத்து இருந்தது. இந்த வயர் விளக்குக்கு. தண்ணீர் இந்தப் பக்கம் வடியும். அடுப்புக்கு மேலே இருந்த அலமாரிப் பலகைக்குப் பின்னால், 'இவளுக்கு எட்டாது, நாலு இன்ச் இறக்கு' என்று எழுதியிருந்தான். இறக்கியும் இருந்தான். படுக்கைப் பலகைக்குப் பின்னால், 'இவள் இந்தப் பக்கம், ஜன்னல் வேண்டும்' என்றிருந்தது. வர மாட்டேன் என்று சொன்னவளுக்காக இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான். அண்ணி அந்தப் பலகைகளை நாள் பூராவும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது. எழுதினதில் பாதியை அவரிடம் வாயால் சொல்லியிருக்கக் கூடாதா?

காற்று அடிக்கும் நாட்களில் பாய்மரத்தில் கயிறு டக் டக்கென்று தட்டும். எல்லாப் படகிலும் தட்டும். ஆனால் அந்தப் படகில் தட்டினால் அண்ணி கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் நல்ல மத்தியானத்தில் நான் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அவர் மட்டும் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். வலி எங்கே என்று நோயாளியைக் கேட்கிற குரலில், "எந்தப் பக்கமாப் போனீங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டார். சத்தமில்லாமல் இறங்கி, அரைமணி நேரம் யார்டு வாசலில் நின்றுவிட்டு, அப்போதுதான் வருகிறவன் போல இருமிக்கொண்டே போனேன்.

இடப்பக்கத் தூண்களை மட்டும் அவர் தொடவிடவில்லை. மற்ற வேலை முழுதும் முடியட்டும் என்றார். அண்ணன் போனது அந்தப் பக்கமாக இருக்குமோ என்று, அதில் கைவைக்க அவருக்கு மனசில்லை என நினைத்துக்கொண்டேன். இரண்டாம் வருஷத்தின் கடைசியில், கிளம்புவதற்கு ஏற்றபடி காற்று மாற ஒன்றரை மாதம் இருக்கும்போது, சரி, கழற்று என்றார். கழற்றச் சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது தூணும் ஐந்தாவது தூணும் உள்பக்கமாக வளைந்திருந்தன. மீன்பிடிப் படகு வெளியிலிருந்து இடித்தால் அப்படித்தான் வளையும். நான்காவது தூண் வளையவே இல்லை. நேராக, போல்ட் இறங்குகிற அடித்தட்டோடு பிடுங்கிக்கொண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடித்தட்டின் நாலு போல்ட்டில் வெளிப்பக்கத்து இரண்டும் வளைந்து பிடுங்கி வந்திருந்தன, உள்பக்கத்து இரண்டும் தளத்துக்குள்ளேயே முறிந்திருந்தன. துளையைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். தலை பளபளவென்று இருந்தது. கீழே நட்டும் பளபளவென்று இருந்தது. நடுவில் மட்டும் பழுப்பாக அரித்து, நெருப்புக்குச்சி கனத்துக்கு மெலிந்து போயிருந்தது.

எவர்சில்வருக்குக் காற்றுப் பட வேண்டும், காற்றில்லாமல் உப்பு ஈரத்தில் கிடந்தால் அரித்துவிடும். படகுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. வீட்டுக்கு வேலை செய்கிற எனக்குத் தெரிய வேண்டிய அவசியம் வந்ததே இல்லை, நானும் கேட்கவில்லை. தளம் அசைய அசைய மேல் பசை எங்கோ மயிரிழை விட்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. கீழே நான் பூசாமல் விட்டிருந்தால் அறைக்குள் ஒழுகியிருக்கும். ஒழுகியிருந்தால் அண்ணன் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பான். நான்தான் ஒரு சொட்டு ஒழுகாமல் அடைத்தேனே. அது நாலு வருஷம் காற்றில்லாமல் உள்ளேயே கிடந்து போல்ட்டைத் தின்றிருக்கிறது.

அடித்தட்டின் வெளிவிளிம்பு இருந்த இடத்தில் தளத்தில் பிறை போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியிலிருந்து இடித்தால் உள்விளிம்புதான் அழுந்தும். வெளிவிளிம்பு அழுந்தி, உள்பக்கத்துப் போல்ட் முறிந்தால், பாரம் உள்ளேயிருந்து வந்திருக்கிறது. ஒரு ஆள் கம்பியில் சாய்ந்திருக்கிறான். தம்பி மாட்டின கம்பி என்ற நம்பிக்கையில் முழுசாகச் சாய்ந்திருக்கிறான்.

போல்ட்டுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னேன். அவள், சொல்லாதே என்றாள். சொன்னால் போனவர் எழுந்து வரப்போகிறாரா, இருக்கிற ஒரு உறவும் அறுந்துபோகும் என்றாள். அவள் சொன்னது எனக்கு இதமாக இருந்தது. இதமாக இருந்ததே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. நான் சொன்னால் அண்ணிக்கு விடுதலை, நான் தொலைந்தேன். சொல்லாவிட்டால் நான் தப்பித்தேன், அவர் அந்தக் கேள்வியோடு கடலுக்குப் போவார். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது அண்ணி அந்தப் பள்ளத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து அதில் ஊற்றி, இறுகினதும் பெயர்த்தெடுத்து, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது வெளிப்பக்கமால்ல கடிச்சிருக்கு, தம்பி," என்றார். மீன்பிடிப் படகு இடித்துவிட்டு விலகும்போது கம்பி இழுபட்டிருக்கும், இழுபட்டால் தூண் வெளியே சாயும், எங்கள் தொழிலில் இதெல்லாம் சகஜம் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். பிறகு, உனக்குத்தானே தெரியும் என்று சொல்லி அச்சைக் குப்பை வாளியில் போட்டார். என்னை நம்பினார். அண்ணனும் இப்படித்தானே நம்பிச் சாய்ந்தான்.

அந்த ஒரு மாதம் நான் என்ன சாப்பிட்டேன், எங்கே வேலை செய்தேன் என்று கேட்டால் தெரியாது. புதுத் தூண்களை மாட்டினேன். இந்தத் தடவை யார்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். அவர்கள் சொல்லிக்கொடுக்கும்போது, இதுகூடத் தெரியாமலா இருந்தாய் என்று முகத்தில் தெரிந்தது. படகைத் தண்ணீரில் இறக்கினோம். அண்ணி அதற்குள் ஒரு பயிற்சிக்காரரிடம் போய்ப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். வெளியே போய்ப் பார்க்கலாம், நீயும் வா என்று கூப்பிட்டார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. கரை மங்கலாகத் தெரிகிற தூரத்தில், மீனவர்கள் படகைக் கண்டதாகச் சொன்ன திசைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. சுகமான காற்று. சுக்கானைப் பிடி என்று என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணி எழுந்து இடப்பக்கமாக முன்னால் நடந்தார். இடுப்பு வாரில் பாதுகாப்புக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது, அதை எங்கும் மாட்டவில்லை. நான்காவது தூண் பக்கத்தில் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். திரும்பி வந்து அதை என் மடியில் வைத்துவிட்டு மறுபடி அங்கேயே போய் நின்றார்.

"அவருக்கு இடது முட்டி வராது," என்றார், கடலைப் பார்த்தபடியே. "இதைத் தாண்டணும்னா வலது காலைத் தூக்கி மேல வைக்கணும். அப்புறம் முட்டிய மடக்கணும். எவ்வளவு வலிச்சிருக்கும். வலிக்க வலிக்க யோசிச்சுத்தான் தாண்டியிருப்பார். ரெண்டு வருஷமா இதைத்தான் பாத்துட்டு இருக்கேன், தம்பி." சொல்லிக்கொண்டே வலது காலைத் தூக்கிக் கம்பியின் மேல் வைத்தார்.

நான் சுக்கானை விட்டுவிட்டு ஓடினேன். சுக்கானை விட்டால் படகு காற்றுக்கு எதிரே திரும்பிவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. திரும்பிவிட்டது. அவ்வளவு பெரிய பாயும் படபடபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காத சத்தம். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே மெல்லச் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை நான் தொண்டை கிழியக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அவன் குதிக்கல, அண்ணி. நான் போட்ட போல்ட் முறிஞ்சுது. சாஞ்சான், முறிஞ்சுது. அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன்."

அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். காலை இறக்கி, என் வாயையே பார்த்தார். நான் மறுபடி சொன்னேன். உள்பக்கத்துப் போல்ட், வெளிப்பக்கத்துப் பள்ளம், அடைத்த பசை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். தாண்டிக் குதிக்கிறவன் தூணை முறிக்க மாட்டான் என்றேன். அவர் மெதுவாகத் தளத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பாய் எங்கள் தலைக்கு மேலே அடித்துக்கொண்டே இருந்தது.

"விழுந்தாரா?" என்றார்.

"விழுந்தான், அண்ணி."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டினார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு அப்படியே அழுகையாக மாறிற்று, மறுபடி சிரிப்பாயிற்று. சண்டை போட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வரத்தான் இருந்திருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு வரப்போவதற்காகக் காத்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உன் மேல எனக்குக் கோவம் வரணும். வரல. வரும். வந்தா சொல்றேன்." எழுந்து போய்ப் பாதுகாப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு சுக்கானைப் பிடித்தார். பாயை இழு என்றார். இழுத்தேன்.

கரைக்கு வந்ததும் போல்ட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பி, "சொத்தை," என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் நான் பழைய நாளில் மாட்டின வலப்பக்கத் தூண்கள் ஆறையும் கழற்றச் சொன்னார். அவற்றில் இரண்டு அதே மாதிரி அரித்திருந்தன. பக்கத்திலேயே நின்று பார்த்தார், வேலையில் குறை சொல்லவில்லை, டீயும் போட்டுக் கொடுத்தார். அந்த டீயை விழுங்குவதற்குள் எனக்கு உயிர் போயிற்று. காற்று மாறியதும் கிளம்பினார். கயிற்றை அவிழ்க்க நான் போனேன். அதற்குள் அவரே அவிழ்த்துவிட்டார். என் மனைவி கையசைத்தாள். அவருக்கு இரண்டு கையிலும் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. எங்கேயோ எப்போதோ மாட்டிக்கொடுத்த பால்கனிகளுக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டுகிறேன். ஒன்றுமில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறேன். பாதிப் பேருக்கு என்னை ஞாபகமே இல்லை. உள்ளே விட்டால், தடுப்பில் முழு உடம்பையும் சாய்த்து வெளியே தொங்கிப் பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார்கள். எல்லாம் கெட்டியாகத்தான் இருக்கின்றன. தரையில் என் வேலைக்குக் குறையே கிடையாது. அது தெரிந்தும் மறுநாள் இன்னொரு கதவைத் தட்டுகிறேன். சாயும் ஒவ்வொரு தடவையும், அந்த நொடியில் அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்றுதான் நினைப்பு ஓடுகிறது. கம்பி என்று என்னைக் கூப்பிட்டிருப்பானோ என்று ஓடுகிறது.

அண்ணி அவ்வப்போது ஏதாவது துறைமுகத்திலிருந்து என் மனைவிக்கு போன் செய்வார். நன்றாக இருக்கிறாராம். அங்கங்கே கப்பல்காரர்களுக்குப் பல் கூடச் செய்துகொடுக்கிறாராம். என்னைப் பற்றி விசாரிப்பாராம், பேசக் கூப்பிடச் சொன்னதில்லை. அவர் கிளம்பிப் பதினாலு மாதம் ஆனபோது ஒருநாள் சாயங்காலம் போன் அடித்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன்.

நான்தான் என்றார். சொல்லுங்க அண்ணி என்றேன்.

"இங்க பக்கத்துப் படகுல ஒருத்தர், காலையில பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டுத் தனியாப் போனார்," என்றார். "இப்பத்தான் திரும்பி வந்தார். அவ கோவிச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கா. அவர் வீசின கயித்த வாங்கிக் கட்டினது நான்தான்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கோவம் வந்துடுச்சு, தம்பி," என்றார். "அவகிட்ட குடு."

சரி அண்ணி என்றேன். குளியலறைக் கதவைத் தட்டி, ஈரக் கையோடு வந்த என் மனைவியிடம் போனைக் கொடுத்தேன்.